வெட்டாமல் விட்ட கதியால்

பங்குனி மாதத்துக் கடைசி வாரங்களில் பேராதனைக்குப் பூப்பார்க்க வருகிறவர்கள் நேரே பல்கலைக்கழக வளாகத்துக்குத்தான் போவார்கள். இலையெல்லாம் உதிர்த்துவிட்டு இளஞ்சிவப்பாக நிற்கும் ரொபரோசியா மரங்களின் கீழே நின்று படம் எடுக்காத மாணவர் அங்கே அரிது. அந்த மரம் மெக்சிக்கோவிலிருந்து தென் அமெரிக்காவின் வடகரை வரைக்கும் சொந்தமானது. மகாவலி வளைந்தோடும் தாவரப் பூங்காவுக்குள் போனால், பூமரங்களின் அரசி என்று புகழப்படும் அம்ஹேர்ஸ்ட்டியா பர்மாவிலிருந்து வந்தது. தெருவோரத்துச் செம்மயிற்கொன்றை மடகாஸ்கரின் மரம். ஜக்கரண்டா தென் அமெரிக்காவினது.

இதில் வியப்பில்லை. 1821இல் அலெக்சாண்டர் மூன் பேராதனையில் தாவரப் பூங்காவை அமைத்த காலத்திலிருந்து, உலகின் மறுபக்கத்துச் செடிகளைக் கொண்டுவந்து இந்த மண்ணில் வளர்த்துப் பார்ப்பதே அதன் பெரும் பணிகளில் ஒன்றாக இருந்தது. இலங்கையின் சிங்கோனாவுக்கும் ரப்பருக்கும் பின்னால் இந்தப் பூங்காவின் கை உண்டு. வந்த மரங்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே வாரங்களில், அதே ஊரின் வீட்டு வளவுகளில், இந்தத் தீவில் இயல்பாகவே வளரும் ஒரு மரம் குருதிச் சிவப்பாகப் பூக்கக் காத்திருக்கிறது. அதற்கு நாம் இடம் கொடுப்பதில்லை. வேலிக்குக் கதியாலாக நட்டு, மிளகுக்குக் கொழுகொம்பாக நிறுத்தி, ஆட்டுக்குக் குழையாக ஒடித்து, ஆண்டு முழுவதும் வெட்டிக்கொண்டே இருக்கிறோம். வெட்டப்பட்ட மரம் பூப்பதில்லை.

முள்முருக்கைத்தான் சொல்கிறேன். தமிழ்நாட்டில் கல்யாண முருங்கை, சிங்களத்தில் எரபது. தாவரவியலில் எரித்ரினா வேரிகேட்டா. அவரைக் குடும்பத்து மரம். முருங்கைக்காய் தரும் மரத்துக்கும் இதற்கும் உறவு ஏதுமில்லை.

வசந்தத்தில் பூக்கும் உள்நாட்டு மரங்கள் வேறு இல்லையா என்றால், இருக்கின்றன. கொன்றை இருக்கிறது, வெசாக்கை ஒட்டி மஞ்சள் சரமாகத் தொங்கும். ஊதாப் பூவுடன் பூமருது இருக்கிறது. அசோகு இருக்கிறது. 1986இல் தேசிய மரமாக அறிவிக்கப்பட்ட நாகமரம், தளிர் விடும்போதே பூத்ததுபோல் சிவக்கும். ஆனால் நட்டவர் பூவைக் காண நெடுங்காலம் பொறுத்திருக்க வேண்டும். எல்லாம் நல்ல மரங்கள். இருந்தும் கண்டிப் பக்கத்து வீட்டு வளவுக்கு ஒரே ஒரு மரம் என்று கேட்டால் நான் முள்முருக்கைத்தான் சொல்வேன். விரைவாக வளரும், மண்ணுக்கு உரம் தரும், வேறெந்த மரமும் அழைக்க முடியாத அளவுக்குப் பறவைகளை அழைக்கும்.

முதலில் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பேராதனையில் வசந்தம் என்று ஒன்று உண்டா?

ஐரோப்பாவில் மரங்கள் குளிர் விலகும் வரை காத்திருந்து பூக்கின்றன. இங்கே தை மாதத்துக்கும் சித்திரை மாதத்துக்கும் இடையே சராசரி வெப்பநிலை இரண்டு மூன்று பாகைதான் மாறும். பேராதனை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழு பாகையில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறத்தாழ 50 நிமிடம்தான். குளிரும் இல்லை, பகலின் நீளமும் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது மழை. ஐப்பசி, கார்த்திகையில் மாலை தோறும் இடியோடு கொட்டும் இடைப்பருவ மழை, அதன் பின் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியின் மிச்சம், தை கடந்ததும் வறட்சி. மாசியும் பங்குனியின் முற்பகுதியும் கண்டியில் மழை மிகக் குறைந்த காலம். வானம் தெளிந்திருக்கும், காலையில் பனி விழும், புல் பழுக்கும். பங்குனி நடுவிலிருந்து மறுபடி மாலை இடிமழை தொடங்கும். அந்த வறண்ட வாரங்களும் அவற்றை முடித்துவைக்கும் முதல் மழைகளும் சேர்ந்ததுதான் நம்முடைய வசந்தம்.

முள்முருக்கு அந்த வறட்சியைப் பயன்படுத்திக்கொள்ளும் விதம் அழகானது. மண் காயத் தொடங்கியதும் மரம் இலைகளை உதிர்க்கிறது. பார்ப்பவருக்கு அது பட்டுப்போவது போலத் தெரியும். உண்மையில் நடப்பது வேறு. இலைகள்தான் மரத்தின் நீரை இழக்கும் வாசல்கள். ஆவியுயிர்ப்பில் பெரும்பங்கு அவற்றின் வழியாகவே நடக்கிறது. அந்த வாசல்களை மூடிவிட்டால், வேர் இன்னும் சிறிது சிறிதாக இழுக்கும் நீர் வெளியேற வழியின்றித் தண்டில் சேர்கிறது. முள்முருக்கின் மரம் தக்கை போன்று மெத்தென்றது, எடை குறைந்தது. விறகுக்கும் தளபாடத்துக்கும் உதவாது என்று நாம் ஒதுக்கும் அந்த மென்மைதான் இங்கே அதன் பலம்: தண்டு முழுவதும் நீர்த்தேக்கம். தண்டு நீரால் நிறைந்ததும் கிளை நுனிகளில் உறங்கிக் கிடந்த மொட்டுகள் வீங்குகின்றன. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ரோல்ஃப் போர்ச்செர்ட், கொஸ்தாரிக்காவின் வறள்காட்டு மரங்களை நெடுங்காலம் ஆராய்ந்து இந்த இயக்கத்தை விளக்கினார். வானிலிருந்து ஒரு துளி விழாத நேரத்தில் மரங்கள் பூப்பது எப்படி என்ற பழைய புதிருக்கு, இலையுதிர்த்து நீர் சேமித்த தண்டுகள் விடை சொல்லின.

எரபது பூத்துக் குயிலும் கூவிவிட்டால் புத்தாண்டு வந்துவிட்டது என்று சிங்களவர்கள் சொல்வார்கள். சித்திரைப் புத்தாண்டு கதிரவன் மேடராசியில் நுழைவதைக் கொண்டு கணக்கிடப்படுகிறது; மரத்துக்குப் பஞ்சாங்கம் தெரியாது. மாசியிலேயே பூத்து முடித்துவிடும் மரங்கள் உண்டு. மழை நீண்ட ஆண்டுகளில் பிந்தும் மரங்களும் உண்டு. குயில் கூவுவது அதன் இனப்பெருக்க காலம் என்பதால். காகம் கூடு கட்டும்போது அதன் கூட்டில் முட்டையிட வேண்டும். பூவும் கூவலும் ஒன்றையொன்று பார்த்து நடப்பதில்லை. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக மக்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவந்திருக்கிறார்கள் என்பதே, இந்த மரம் ஒரு காலத்தில் எல்லோர் கண்ணிலும் பூத்து நின்றதற்குச் சான்று.

இனிப் பூவுக்கு வருவோம். இதைக் கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது.

கிளை நுனியில் இலையே இல்லாமல், தடித்த ஒரு காம்பு கிடையாக நீண்டிருக்கும். அதைச் சுற்றி நெருக்கமாக மொட்டுகள், புலிநகம் போல வளைந்து. விரிந்ததும் ஒரேயொரு பெரிய அல்லிதான் கண்ணுக்குத் தெரியும். அதுதான் கொடியல்லி, விரல் நீளம், கடுஞ்சிவப்பு. மற்ற நான்கு அல்லிகளும் மிகச் சிறியவை. வழக்கமாக அவரைக் குடும்பப் பூக்களில் அந்த நான்கும் சேர்ந்து கேசரங்களை மூடி ஒளித்து வைத்திருக்கும். தேனீ வந்து உட்கார்ந்து அழுத்தினால்தான் திறக்கும். முள்முருக்கில் மூடி இல்லை. பத்துக் கேசரங்களும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. மணம் கிடையாது. தேனீக்கு உட்கார மேடை கிடையாது. சிவப்பு நிறத்தைத் தேனீக்கள் நன்றாகக் காண்பதும் இல்லை. இந்தப் பூ தேனீயை எதிர்பார்த்து அமைந்ததல்ல.

காலையில் ஒரு பூவைச் சாய்த்தால் உள்ளங்கையில் தேன் சொட்டும். நாவில் வைத்தால் ஏமாற்றமாக இருக்கும்: தண்ணீராக இருக்கிறது, இனிப்புக் குறைவு. இதன் பின்னே ஒரு நல்ல ஆராய்ச்சிக் கதை உண்டு. எரித்ரினா பேரினத்தில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உலகின் வெப்ப நாடுகளெங்கும் பரவியிருக்கின்றன. அமெரிக்காவில் உள்ள பலவற்றைத் தேடி வருவது ஓசனிச்சிட்டு. அது காற்றில் நின்றபடியே குடிக்கும். உட்கார இடம் வேண்டாம். அந்த வகைகளின் பூ குழல்போல நீண்டு, வெளிப்புறம் பார்த்து நிற்கும். தேனில் சுக்குரோசு மிகுதி. ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் ஓசனிச்சிட்டு இல்லை. இங்கே வருவன கிளையில் உட்கார்ந்து குடிக்கும் பறவைகள். அவற்றுக்கான பூக்கள் அகலத் திறந்து, பறவை உட்காரும் காம்பின் பக்கமே முகம் காட்டுகின்றன. கலிபோர்னியாவின் ஹெர்பேர்ட் பேக்கரும் ஐரின் பேக்கரும் இருவகைப் பூக்களின் தேனையும் ஒப்பிட்டார்கள். உட்காரும் பறவைகளுக்கான தேனில் சுக்குரோசு மிகக் குறைவு. குளுக்கோசும் பிரற்றோசுமே மிகுதி. கூடவே அமினோ அமிலங்கள் ஏராளம்.

ஏன் இந்த வேறுபாடு? மைனாவும் அதன் உறவினரும் சேர்ந்த பறவைக் குடும்பத்தில் இதற்கு ஒரு துப்புக் கிடைத்தது. ஐரோப்பிய மைனா என்று சொல்லத்தக்க ஸ்டார்லிங் பறவையின் குடலில், சுக்குரோசை இரண்டாக உடைக்கும் நொதியமே இல்லை என்று கண்டார்கள். நம் வீட்டுச் சீனி முழுவதும் சுக்குரோசுதான். அதை அந்தப் பறவைக்குக் கொடுத்தால் செரிக்காது, வயிற்றோட்டம்தான் வரும். ஏற்கெனவே உடைந்த எளிய வெல்லங்கள் என்றால் உடனே உடலில் சேரும். அப்படியானால் முள்முருக்கின் தேன் வருகிற விருந்தாளியின் வயிற்றுக்கு ஏற்றபடி அமைந்த தேன். நமக்குச் சப்பென்று இருப்பதில் பொருளில்லை. தண்ணீராக இருப்பதற்கும் காரணம் உண்டு: அது வறண்ட மாதம், பறவைக்குத் தாகமும் பசியும் ஒன்றாகவே தீர்கின்றன.

கண்டியில் ஒரு முள்முருக்கு முழுதாகப் பூத்தால் அது ஒரு சந்தை. விடியும்போதே மைனாக்கள் வரும். கருந்தலை மாங்குயில் வரும். மஞ்சள் உடல் சிவப்புக்குள் தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். கொண்டைக்குருவி, கரிக்குருவி, காகம், தேன்சிட்டு, வெள்ளைக்கண்ணி. கிளிகள் வந்து பூவையே கடித்துத் துப்பும். மரத்தடி சிவந்து போகும். அணிலும் குரங்கும் பங்கு கேட்கும். உட்கார்ந்து தலையை நுழைக்கும் பறவையின் நெற்றியிலும் கழுத்திலும் மகரந்தம் அப்புகிறது. அது அடுத்த மரத்துக்குப் போகிறது. தேயிலை மலைகளுக்கும் நகரத்துக்கும் நடுவே துண்டு துண்டாகிப் போன காடுகளில் வாழும் பறவைகளுக்கு, வேறு பூவும் பழமும் குறைந்திருக்கும் வாரங்களில் இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் நடக்க ஒரே நிபந்தனைதான். பூ, முதிர்ந்த கிளையின் நுனியில் வருகிறது. முந்தைய மழைக்காலம் முழுவதும் வளர்ந்து, இலை விட்டு, உணவு சேர்த்து, வறட்சியில் இலையுதிர்த்த கிளையில் மட்டும். கண்டி வீட்டுத்தோட்டத்து வழக்கமோ இதற்கு நேர் எதிர்.

அந்தத் தோட்டங்களைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வேளாண்காட்டியல் படிக்கிறவர்கள் உலகெங்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லும் தோட்டங்கள் அவை. மேலே பலாவும் தென்னையும் கித்துளும், அதற்குக் கீழே கராம்பும் சாதிக்காயும் கமுகும், அதற்கும் கீழே கோப்பி, வாழை, நிலத்தில் இஞ்சியும் மஞ்சளும் கிழங்குகளும். தூரத்திலிருந்து பார்த்தால் காடு. உள்ளே போனால் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வேலை. அதில் மிளகுக்கொடி ஏறும் மரமாக முள்முருக்கு நின்றது. பட்டை கரடாக இருப்பதால் கொடியின் பற்றுவேர் நன்றாகப் பிடிக்கும். வேரில் வாழும் பற்றீரியங்கள் காற்றின் நைதரசனை மண்ணுக்கு இறக்கித் தருவதால் மிளகுக்கும் உரம். மிளகுக்கு வெயில் விழவேண்டும் என்று ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை கிளைகளை வெட்டுவார்கள். வெட்டிய குழை ஆட்டுக்கும் மாட்டுக்கும், மிச்சம் மண்ணுக்குப் பசளை. தேயிலைத் தோட்டங்களில் இதன் நெருங்கிய உறவான டடப் மரத்தையும் நிழலுக்கு வைத்து இதே போலத்தான் வெட்டினார்கள். எல்லாம் நல்ல பயன்பாடு. ஆனால் ஐப்பசியிலோ மார்கழியிலோ வெட்டப்பட்ட கொம்பு, மாசியில் இளந்தளிரோடு நிற்கும். இலையுதிர்க்க அதற்கு நேரமில்லை, பூக்க முதிர்ந்த நுனியில்லை. இருபது ஆண்டு வேலியில் நின்றும் ஒரு பூவைக் காட்டாத முள்முருக்குகள் கண்டியில் ஏராளம். அவற்றின் சொந்தக்காரர்களுக்கே இது பூக்கும் மரம் என்பது மறந்துவிட்டது.

பிறகு வேலியையும் சீமைக்கிளுவை எடுத்துக்கொண்டது. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த அது முள்ளில்லாதது, வெட்ட வெட்டத் தழைப்பது, விறகுக்கும் உதவுவது. 2005இல் தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராகவே அரசு அதை அறிவித்தது. முள்முருக்கை வேலியிலிருந்து அது மெல்ல விலக்கியது இயல்புதான். வீட்டு மதில்கள் வந்தபின் கதியாலே தேவையில்லை என்றாயிற்று.

இந்த நிலையில்தான் ஒரு குளவி வந்தது. பெண் குளவியின் நீளம் ஒன்றரை மில்லிமீற்றர். ஆண் அதிலும் சிறிது. இளந்தளிரின் சதைக்குள் முட்டையிடும். முட்டை இட்ட இடம் வீங்கிக் கொப்பளமாகும். புழு அந்தக் கொப்பளத்துக்குள்ளேயே உண்டு வளர்ந்து, ஏறத்தாழ இருபது நாளில் குளவியாகித் துளையிட்டு வெளியே வரும். இலையும் காம்பும் முறுக்கி, புடைத்து, உருக்குலையும். கடுமையாகத் தாக்கினால் இலை முழுதும் கொட்டி மரம் சாகும். 2003ஆம் ஆண்டளவில் தாய்வானில் கண்டார்கள். சிங்கப்பூர், மொரீசியசு, ரீயூனியன் தீவுகளில் கிடைத்தவற்றைக் கொண்டு 2004இல் அது புதிய இனம் என்று பெயரிட்டார்கள். 2005இல் ஹவாயை அடைந்தது. அங்கே உள்நாட்டு எரித்ரினாவான விலிவிலி மரங்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் அது வந்து சேர்ந்தது. அதன் தாயகம் கிழக்கு ஆபிரிக்கா என்று பின்னர் தெளிவாயிற்று.

கண்டி மலைகளுக்கு இது புதிய அனுபவமல்ல. 1869இல் கோப்பிச் செடிகளின் இலையில் துருநோய் தோன்றியபோது, பேராதனைப் பூங்காவின் பொறுப்பில் இருந்தவர் துவைற்ஸ். 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் அறிவியலாளர் இங்கே வந்து இரண்டு ஆண்டுகள் அந்தப் பூஞ்சையை ஆராய்ந்தார். மலை மலையாக இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டிருந்ததே நோய் காட்டுத்தீயாகப் பரவ வழிசெய்தது என்று அவர் கண்டார். கோப்பி அழிந்தது; தேயிலை வந்தது; அந்தத் தேயிலையோடு ஆயிரமாயிரம் தமிழ்க் குடும்பங்களின் வாழ்க்கை பிணைந்தது. மார்ஷல் வார்ட் கோப்பிக்குச் சொன்ன பாடம் முள்முருக்குக்கும் பொருந்தும் என்று நான் நினைக்கிறேன். கதியாலாக நடப்படும் வேலி முழுவதும் பெரும்பாலும் ஒரே தாய்மரத்தின் கிளைகள். மரபில் அவை எல்லாம் ஒரே மரம். ஒன்றைத் தின்னத் தெரிந்த பூச்சிக்கு எல்லாவற்றையும் தின்னத் தெரியும். வெட்டுவதும் சேர்ந்து கேடு செய்கிறது: ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் புதுத்தளிர் எழுகிறது, குளவி தேடுவதும் அந்தப் புதுத்தளிரைத்தான். ஆண்டு முழுக்க வெட்டப்படும் வேலி, குளவிக்கு ஆண்டு முழுக்க விருந்து. ஓங்கி வளரவிட்ட மரமோ ஒரு பருவத்தில் தளிர்த்து, மற்ற மாதங்களில் முற்றிய இலையோடு நிற்கும்.

ஹவாயில் மீட்பு வந்தது இன்னொரு குளவியால். தன்சானியாவில் தேடிப்பிடித்த ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியை, வேறு எதையும் தாக்காது என்று சோதித்துப் பார்த்து, 2008 நவம்பரில் விட்டார்கள். அது கொப்பளத்துக்குள் இருக்கும் புழுக்களைத் தின்று அழித்தது. விலிவிலி மரங்கள் மறுபடி இலை விட்டன. இன்னொன்றும் அங்கே தெரிந்தது. விதையிலிருந்து முளைத்த அந்தக் காட்டு மரங்கள் எல்லாம் ஒரே அளவில் பாதிக்கப்படவில்லை. பக்கத்து மரம் செத்துக்கொண்டிருக்க, சில தாங்கி நின்றன. விதை தரும் வேறுபாடு இது. ஆகவே வளவில் பூவுக்காக முள்முருக்கு வைக்க நினைப்பவருக்கு என் முதல் அறிவுரை: விதையிலிருந்து வளர்த்துப் பாருங்கள்.

விதை என்றதும் இந்த மரத்தின் பிறப்பிடம் நினைவுக்கு வருகிறது. முள்முருக்கு இயல்பில் கடற்கரையோரத்து மரம். அதன் தடித்த ஓடுள்ள விதை உப்பு நீரில் நீண்ட நாள் மிதந்தும் உயிர் கெடாமல் கரையேறி முளைக்கும். ஆபிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து இந்தியா, இலங்கை, மலாயா தீவுகள் கடந்து பசிபிக் தீவுகள் வரைக்கும் அது பரவியிருப்பதற்கு அந்த மிதப்புதான் பெருங்காரணம். கடலிலிருந்து மலைக்கு அதை ஏற்றியவர்கள் மனிதர்கள். ஆற்றோரச் சதுப்பில் வளரும் இன்னொரு உறவான யக் எரபது இருக்கிறது, ஆனால் வளவுகளில் நிற்பது பெரும்பாலும் இதுதான். கண்டியின் மழைக்கும் உயரத்துக்கும் பழகி எத்தனையோ தலைமுறை ஆயிற்று. கடலோரம் பிறந்தது என்பதற்காக இதை உள்ளூர் மரமல்ல என்று யாரும் தள்ள வேண்டியதில்லை. தீவுக்குள்ளேயே இடம்பெயர்ந்த மரம்.

பூத்த மரத்தில் சித்திரைக்குப் பின் காய்கள் முற்றிக் கறுத்துத் தொங்கும். விதைக்கு விதை இடுங்கிய நீண்ட காய்கள். உடைத்தால் கருஞ்சிவப்பு விதைகள் இருக்கும். அப்படியே மண்ணில் போட்டால் மாதக்கணக்கில் கிடக்கும், ஓட்டுக்குள் நீர் புகாது. விதையின் வடு இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் அரத்தாலோ நகவெட்டியாலோ சிறிது சுரண்டி, ஓரிரவு நீரில் ஊறவிட்டால் வீங்கும். வீங்கியதை விதைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். பச்சை விதையைச் சிறுவர்கள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் உள்ள அல்கலோயிட்டுகள் நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தியைத் தடுப்பவை. 1930களில் அமெரிக்காவில் கார்ல் ஃபோல்கர்ஸ் இதே பேரினத்தின் விதையிலிருந்து பிரித்தெடுத்த பொருளிலிருந்து பிறந்த ஒரு சேர்மத்தை, நரம்பியல் ஆய்வுகூடங்களில் இன்றும் பயன்படுத்துகிறார்கள். இலையில் அப்படி அஞ்ச ஒன்றுமில்லை: இளந்தளிரைச் சுண்டலாகவும், அரிசியோடு அரைத்து அடையாகவும் தமிழர்கள் காலங்காலமாகத் தின்கிறார்கள். சளிக்கு நல்லது என்று அம்மம்மாக்கள் சொல்வார்கள்.

விதையில்லை, கொம்புதான் கிடைக்கிறது என்றால் அதிலும் குற்றமில்லை. வடக்கில் திருமணத்துக்குக் கன்னிக்கால் ஊன்றும்போது முள்முருக்கின் கிளையைத்தான் ஊன்றுகிறார்கள். வெட்டிய கிளை வேர்விட்டுத் தழைக்கும் மரம் என்பதே அந்தத் தேர்வுக்குப் பொருத்தம். கைமொத்தம் உள்ள முதிர்ந்த கொம்பை வெட்டி, சில நாள் நிழலில் நிமிர்த்தி வைத்து வெட்டுவாய் காய்ந்தபின் நட வேண்டும். ஈரவாயோடு நட்டால் அடி அழுகும். மேல் நுனியைச் சரிவாக வெட்டினால் மழைநீர் தேங்காது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: விதையில் முளைத்தது ஆணிவேர் விட்டு ஆழப் போகும், கொம்பில் தழைத்தது பக்கவேரில் நிற்கும். கண்டிச் சரிவுகளில் வைகாசிக் காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும்போது சாய்வது பெரும்பாலும் பின்னையது. பூவுக்காகப் பெரிதாக வளரவிடப்போகும் மரத்துக்கு ஆணிவேர்தான் நல்லது.

நடுவதற்கு நல்ல காலம் ஐப்பசி மழை. வளவின் மேற்சரிவில், நீர் தேங்காத, முழு வெயில் விழும் மூலை வேண்டும். நிழலில் மரம் வளரும், பூக்காது. கண்டியின் செங்கபில மண்ணுக்கு உரம் சேர்க்க வேண்டிய தேவை இந்த மரத்துக்கு இல்லை. வேரிலுள்ள பற்றீரியங்கள் பார்த்துக்கொள்ளும். வீட்டுச் சுவரிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் பத்து மீற்றராவது தள்ளி வையுங்கள், ஏனெனில் மரம் பதினைந்து இருபது மீற்றர் போகக்கூடியது, கிளையோ எளிதில் முறிவது. இளமரத்தின் தண்டெங்கும் கூம்புக்கூம்பாகக் கறுத்த முள் இருக்கும். தண்டு பருக்கப் பருக்க அடிப்பாகத்து முட்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். சிறுவர்கள் விளையாடும் இடத்திலிருந்து அதுவரை விலக்கி வைப்பது நல்லது. இலை கொப்பளித்தால் அந்தத் தளிரை உடனே வெட்டி எரியுங்கள் அல்லது ஆழப் புதையுங்கள். குளவி வெளியே வருமுன் செய்ய வேண்டும். இளம் மரம் இரண்டு மூன்று முறை தாக்கப்பட்டாலும் மனந்தளராதீர்கள், தேறி வருவது உண்டு.

மாசியில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இதுதான் மிகவும் கடினமான பகுதி. இலை மஞ்சளித்து விழும்போது நல்ல மனம் உள்ளவர்களின் கை தானாக வாளியைத் தேடும். வேரடி ஈரமாகவே இருந்தால் மரம் இலையை வைத்துக்கொண்டு பூவைத் தள்ளிப்போடும். இளங்கன்றுக்கு முதல் இரண்டு வறட்சிகளில் நீர் தரலாம், அதன்பின் வேண்டாம். அயலவர்கள் மரம் பட்டுவிட்டது, வெட்டிவிடுங்கள் என்பார்கள். அடிமரத்தை நகத்தால் கீறிக் காட்டுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருக்கும்.

ஆட்டுக்குக் குழையும் வேண்டும், மிளகும் வேண்டும் என்பவர்கள் பூமரத்தில் கத்தி வைக்காமல் அதற்கு வேறு இரண்டு மூன்று மரங்களை ஒதுக்குங்கள். விதைத்ததில் ஒன்றுக்கு மேல் முளைத்திருக்கும். மேல் மூலையில் ஒன்றை விட்டுவிட்டு, மற்றவற்றை வேலியோரம் நட்டு, வழக்கம்போல் வெட்டி, அவற்றில் மிளகை ஏற்றலாம்.